ரிசப்டிவ் ஃபீல்டு: ஏற்புப்புலமா, உணர்புலமா, துலங்குபுலமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நரம்பணு துலங்க, அதாவது எதிர்வினை காட்ட, எந்தப் பகுதியைத் தூண்ட வேண்டுமோ அந்தப் பகுதியை ‘ரிசப்டிவ் ஃபீல்டு’ என்கிறார்கள். அதற்கு ‘ஏற்புப்புலம்’ போதும் என்று முந்தைய மடல்களில் பலர் எழுதியிருந்தீர்கள். ‘ரிசப்டர்’ நம்மிடையே ‘ஏற்பி’ ஆகிவிட்டதால் அது இயல்பான வழிதான். ஆயினும் அச்சொல்லின் வரலாற்றையும், மூளைப் படிம ஆய்வில் அது இன்று ஆளப்படும் விதத்தையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு ஐயம் எழுகிறது.

1906இல் நரம்பியலாளர் ஷெரிங்டன் இதை ஆண்டபோது கண்ணைப் பற்றிப் பேசவில்லை. நாயின் தோலில் எந்தப் பரப்பைத் தூண்டினால் அது காலால் சொறிய முற்படுகிறதோ அந்தப் பரப்பையே குறித்தார். 1938இல் ஹார்ட்லைன் தவளையின் பார்வை நரம்பிலிருந்து ஒற்றை இழைகளைப் பிரித்தெடுத்து, ஓர் இழை துலங்க வேண்டுமாயின் விழித்திரையின் எந்தப் பகுதியில் ஒளி விழ வேண்டுமோ அதற்கு இப்பெயரைச் சூட்டினார். இரண்டு இடங்களிலும் பேசப்படுவது தூண்டலுக்குக் கிடைக்கும் துலங்கல். எதையும் ஏற்றுக்கொள்வது அன்று. 1953இல் கஃப்ளர் பூனையின் விழித்திரையில் கண்டதோ ‘ஏற்பு’க்கு நேர் எதிராகவே நிற்கிறது: சில நரம்பணுக்களில் புலத்தின் நடுவே ஒளி விழுந்தால் துடிப்புகள் பெருகுகின்றன, சுற்றியுள்ள வளையத்தில் விழுந்தால் அடங்குகின்றன, வேறு சிலவற்றில் இது தலைகீழ். அடக்குகின்ற பகுதியையும் ஏற்புப்புலம் என்று எந்த மாணவருக்குச் சொல்லிப் புரியவைப்பது?

‘உணர்புலம்’ செவிக்கு இனிது. விளைநிலம், சுடுகாடு போல நல்ல வினைத்தொகை. நானே சில காலம் அதை எழுதிவந்தேன். ஆனால் ஹியூபலும் வீசலும் 1959இல் பூனையின் பார்வைப் புறணியில் (பார்வைக்குரிய மூளை மேற்பரப்பில்) இப்புலங்களை அளந்தபோது அந்தப் பூனைகள் மயக்க மருந்தின் பிடியில் இருந்தன. பூனை உணராதபோதும் நரம்பணு துலங்கியது. கண் முன்னே இருப்பதைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அதைச் சரியாகச் சுட்டிக்காட்டும் மூளைச்சேத நோயாளிகளைப் பற்றி எழுதும்போதும் இச்சொல் வீண் குழப்பத்தை உண்டாக்கும்.

இவற்றைவிட என்னை அசைத்தது 2008இல் டூமூலினும் வாண்டெலும் வெளியிட்ட ‘பாப்புலேஷன் ரிசப்டிவ் ஃபீல்டு’ என்னும் அளவீட்டு முறை. மூளையின் செயற்பாட்டைப் படமெடுக்கும் செயல்சார் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவர் ஒரு புள்ளியை உற்றுநோக்கியிருக்க, திரையின் குறுக்கே ஒரு பட்டை மெல்ல நகர்கிறது. மூளைப் படத்தின் சிறு கனசதுரக் கூறான ஒவ்வொரு வாக்செலிலும் குறிப்பலை ஏறி இறங்கும் நேரத்தைக் கொண்டு, பார்வைப்புலத்தில் அதற்குரிய வட்டத்தின் மையத்தையும் அகலத்தையும் கணிக்கிறார்கள். மையப் பார்வையிலிருந்து விலக விலக அகலம் கூடுகிறது. முதல் பார்வைப் புறணியிலிருந்து மேற்பகுதிகளுக்குப் போகப் போகவும் கூடுகிறது. இங்கே புலத்துக்கு உரியது ஒரு நரம்பணு அன்று. சில மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாக நாம் வெட்டிக்கொண்ட திசு அது. அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. அளக்கப்படுவதும் நரம்புத் துடிப்பு அன்று, குருதியில் ஆக்சிஜன் நிலையின் மாற்றம். அந்தக் கனசதுரம் எதையும் உணர்வதுமில்லை, ஏற்பதுமில்லை. துலங்குகிறது என்று மட்டும் கூசாமல் சொல்லலாம்.

ஆகவே ‘துலங்குபுலம்’ என்பதை முன்வைக்கிறேன். தூண்டல், துலங்கல் என்னும் இணை பாடநூல் வழியே பழகியது. கூடுதலும் குறைதலும் இரண்டுமே துலங்கல்தான். நாயின் தோலுக்கும் வாக்செலுக்கும் இச்சொல் ஒன்றுபோலப் பொருந்தும். துலங்குதல் என்றால் ஒளிர்தல் அல்லவா, பார்வை ஆய்வில் அது மயங்காதா என்று கேட்பீர்கள். ‘துப்புத் துலங்கியது’ என்று செய்தித்தாளில் படிக்கையில் யாரும் விளக்கைத் தேடுவதில்லை. டூமூலின், வாண்டெல் முறையில் வாக்செலுக்குக் கணிக்கும் புலத்தைத் ‘திரள் துலங்குபுலம்’ எனலாம். அங்குள்ள ‘பாப்புலேஷ’னை ‘மக்கள்தொகை’ என்று தயவுசெய்து யாரும் பெயர்த்துவிட வேண்டாம்.

‘வாக்செலு’க்குப் பரிந்துரைக்கப்பட்ட ‘கனவணு’வைப் பற்றியும் ஒரு சொல். படவணுவுக்கு (பிக்சலுக்கு) இணையாகக் ‘கன அணு’ என்று பிரித்தால் சரி. ஆனால் கண் முதலில் ‘கனவு அணு’ என்றே படிக்கிறது. துயிலத் தொடங்குவோர் கண்ட காட்சிகளை மூளைக் குறிப்பலைகளிலிருந்து கணிக்க முயன்ற கியோட்டோ குழுவின் 2013ஆம் ஆண்டு ஆய்வைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் எந்த வரியில் எது கனவு என்று தெரியாமல் போகும். ‘கனக்கூறு’ தகுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.