கடலோரக் கிராமத்து ஸ்கோனுக்காக அவ்வளவு தூரம் போகலாமா?

ஊர்சுற்றி மாறன்:
போன மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போய் வந்தோம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே சாப்பிட இருப்பதே இரண்டு இடம். ஊரைச் சொன்னால் கடையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்வர்னெஸ்ஸிலிருந்து இரண்டரை மணி நேரம், அதில் பாதி ஒற்றை வண்டிப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் வரைக்கும் ரிவர்ஸிலேயே போக வேண்டும்.

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். 'வீட்டில் சுட்ட ஸ்கோன்' என்று வாசலில் பலகை. ஸ்கோன் என்றால் வெண்ணெய், ஜாம் தடவித் தின்னும் சின்ன ரொட்டி. ஒன்று நாலரை பவுண்ட். கத்தியை வைத்ததும் காய்ந்த சுவர்ப் பூச்சு மாதிரி உதிர்ந்தது. வெண்ணெய் ஜிகினாத்தாளில் சுற்றி, கல்லாக இருந்தது. கிரீமுக்குத் தனிக் காசு. ராத்திரி இன்னும் மோசம். எட்டு பத்துக்குப் போனோம், எட்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டார்களாம். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது! பிள்ளைகள் சிப்ஸ் பாக்கெட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினார்கள்.

கடலைப் பார்க்கப் போங்கள், சாப்பிடப் போகாதீர்கள். இன்வர்னெஸ்ஸில் சாண்ட்விச் வாங்கி காரில் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

கிளாஸ்கோ ரேவதி:
மாறன், மூன்றே முக்காலுக்குப் போய் ஸ்கோனைக் குறை சொன்னால் எப்படி? அது காலையில் சுட்டது. ஸ்கோனில் ஈஸ்ட் கிடையாது. மாவு, குளிர்ந்த வெண்ணெய், மோர், பேக்கிங் பவுடர், அவ்வளவுதான். சுட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டம். ஆறிப்போன இட்லியை மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊரையே திட்டுவீர்களா?

நான் இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது. சனிக்கிழமை காலையில் வீட்டில் சுடுவேன். மாவை அதிகம் பிசைந்தாலே போச்சு, ரப்பர். மாவை வெட்டும் அச்சை நேராக அழுத்தி எடுக்க வேண்டும், திருகினால் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். நல்ல ஸ்கோனுக்கு இடுப்பில் தானாகவே ஒரு வெடிப்பு விழும். அங்கே கைவைத்தால் இரண்டாகப் பிரியும், கத்தியே வேண்டாம். நீங்கள் கத்தியை எடுத்தீர்கள் என்றதுமே எனக்குக் கதை புரிந்துவிட்டது.

ஊர்சுற்றி மாறன்:
அக்கா, நீங்கள் சொல்வது எனக்குத்தான் சாதகம். நாலு மணிக்கு நன்றாக இருக்காது என்று உங்களுக்கே தெரிகிறது என்றால் கடைக்காரருக்குத் தெரியாதா? தெரிந்தும் அதே நாலரை பவுண்ட் வாங்குகிறார். பாதி விலை போடட்டும், இல்லையென்றால் 'முடிந்துவிட்டது' என்று பலகையைத் திருப்பி வைக்கட்டும். தூரத்து ஊர், வேறு கடை இல்லை, வந்தவன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற நினைப்பு.

பனையோலை:
மாறன் அண்ணை சொல்றதிலும் நியாயம் இருக்கு. நான் அபர்டீனில் இருக்கிறன். எனக்கு ஸ்கோன் பெரிய விசயமில்லை, கடலுணவுதான் வயிற்றெரிச்சல். கரையில் படகு நிற்கும், கூண்டு கூண்டாக லாங்குஸ்டீன் இறங்கும். இங்கத்தை ஆக்கள் அதை 'பிரான்' என்றுதான் சொல்லுவினம். மெலிஞ்ச சிங்கி இறால் மாதிரி, ஆரஞ்சு நிறம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாயில் உயிரோடு போட்டு லொறியில் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் அனுப்பிவிடுவினம். பக்கத்துக் கடைப் பலகையில் என்ன இருக்கும்? மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் சிப்ஸும். 2021 ஜனவரியில், பிரெக்ஸிட் காகித வேலையால் சரக்குத் தேங்கி, மீன் லொறிகள் லண்டன் வரைக்கும் போய் ஆர்ப்பாட்டம் செய்ததை மறந்திருக்க மாட்டியள். அப்பவாவது உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் என்று நினைச்சன். ம்ஹும்.

கிளாஸ்கோ ரேவதி:
பனையோலை, எல்லா ஊரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஆப்பிள்கிராஸ் போயிருக்கிறீர்களா? மாடுகளின் கணவாய் என்று பொருள்படும் பெயலாக் ந பா வழியாக ஏறினால் 626 மீட்டர், கொண்டை ஊசி வளைவுகள், சில இடத்தில் ஐந்துக்கு ஒன்று என்கிற ஏற்றம். புதிதாக வண்டி ஓட்டப் பழகுபவர்களும் கேரவன்களும் வராதீர்கள் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரான ஷீல்டெய்கிலிருந்து கடலோரமாக வரும் பாதை 1970களில்தான் வந்தது. அதற்கு முன் பனி விழுந்தால் தரை வழியே அடைபட்டுப்போகும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து அந்தக் கடலில் பிடித்த லாங்குஸ்டீனைப் பூண்டு வெண்ணெயோடு சாப்பிட்டிருக்கிறேன். விரலெல்லாம் வெண்ணெய். அதைப் பற்றி எழுதும்போதே பசிக்கிறது, போங்கள்.

எட்டு மணிக்கு அடுப்பை அணைப்பது பற்றி: சமையற்காரர் ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர். வெளியூரிலிருந்து ஆள் எடுக்கலாம் என்றால் தங்க வீடு கிடையாது, இருக்கிற வீடெல்லாம் விடுமுறை வாடகைக்குப் போய்விட்டது. காலை ஏழு மணிக்கு ஸ்கோன் சுட்டவரும் இரவு சூப் கிண்டுபவரும் பல இடங்களில் ஒரே ஆள்தான். முன்கூட்டி ஒரு போன் போட்டிருக்கலாமே?

ஊர்சுற்றி மாறன்:
போன் போடலாம். சிக்னல்?

கணக்குப்பிள்ளை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மாறனுடைய சாண்ட்விச் யோசனைதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்காட்லாந்தின் வட கரையைச் சுற்றி வரும் 516 மைல் வட்டப்பாதைக்கு 2015-ல் 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் வைத்து விளம்பரப்படுத்தினார்கள். அதிலிருந்து கேம்பர் வேன் கூட்டம். பலர் கட்டில், அடுப்பு, மளிகை எல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கிவிட்டு, குப்பையை மட்டும் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் இன்வர்னெஸ்ஸிலேயே வாங்கி வந்தால் அந்த இரண்டு கடையும் மூடிவிடும். குளிர்காலத்தில் ஊர்க்காரர் எங்கே போய் உட்காருவார்?

நொய்டார்ட் தீபகற்பத்தில் இன்வெரி என்று ஒரு ஊர். வெளியிலிருந்து அதற்குச் சாலையே கிடையாது. மாலெய்க் துறைமுகத்திலிருந்து படகில் போக வேண்டும், இல்லையென்றால் மலை தாண்டி நடக்க வேண்டும். 1999-ல் அங்குள்ளவர்கள் நிலத்தையே சமூகச் சொத்தாக வாங்கினார்கள். 2022-ல் ஊரின் மதுக்கடையையும் பங்கு போட்டு வாங்கிவிட்டார்கள். சாப்பிட, குடிக்க, பேச ஒரு கூரை வேண்டும் என்பதற்காக. அந்த மாதிரி இடத்தில் ஒரு ஸ்கோனின் விலையில் மாவு வெண்ணெய்க் கணக்கு மட்டும் இருக்காது. வேன் வாடகை, படகுக் கூலி, ஆறு மாதம் ஆளில்லாத பருவம் எல்லாம் சேர்ந்துதான் அந்த நாலரை.

ஊர்சுற்றி மாறன்:
சரி, ஊரைக் காப்பாற்ற நான் நாலரை பவுண்ட் கொடுக்கிறேன். அது நன்கொடை. நன்கொடை என்று உண்டியல் வைத்துக் கேட்டால் போடுவேன். பலகாரம் என்று சொல்லி விற்றால் பலகாரமாகத்தான் பார்ப்பேன்.

தஞ்சை வாசகன்:
ஒரு சின்னச் சந்தேகம். ஜாம் முதலிலா, கிரீம் முதலிலா? அப்புறம் அது ஸ்கோனா, ஸ்கானா?

கிளாஸ்கோ ரேவதி:
ஜாம் முதலில் என்பது கார்ன்வால், கிரீம் முதலில் என்பது டெவன். இரண்டும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைச் சண்டை, இங்கே இழுக்காதீர்கள். இங்கே பெரும்பாலும் வெண்ணெயும் ஜாமும்தான். உச்சரிப்பு ஸ்காட்லாந்துக்காரர் வாயில் 'ஸ்கான்'. தமிழில் எல்லோரும் ஸ்கோன் என்று எழுதிப் பழகிவிட்டோம், நானும்தான். அரசர்கள் முடிசூடும் கல் இருந்த ஊருக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான், ஆனால் அதை 'ஸ்கூன்' என்பார்கள். உங்கள் தலை சுற்றினால் நான் பொறுப்பல்ல.

இன்னொன்று: இந்த உப்பலான ஸ்கோன் ரொம்பப் பழசு இல்லை. 1843-ல் ஆல்பிரட் பேர்ட் பேக்கிங் பவுடர் கண்டுபிடித்த பிறகு வந்த வடிவம். அதற்கு முன் ஓட்ஸ் அல்லது பார்லி மாவைத் தட்டையாகத் தட்டி, நாலாக வெட்டி, நம் தோசைக்கல் மாதிரி இரும்புத் தட்டில் சுடுவார்கள். 1960-ல் எலிசபெத் ராணி அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குக் கைப்பட எழுதிய கடிதத்தோடு அனுப்பிய செய்முறையும் கல்லில் ஊற்றிச் சுடும் வகைதான்.

பனையோலை:
கருப்பட்டிப் பாகு மாதிரி ட்ரீக்கிள் ஊற்றிச் செய்யிற ஸ்கோனை விட்டுட்டியள், அக்கா. அதுக்கு நான் எவ்வளவு தூரமும் போவன்.

ஊர்சுற்றி மாறன்:
ஒன்றை மறைத்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊரை விட்டுக் கிளம்பும்போது, ஒரு வீட்டு வேலியோரம் மரப்பெட்டி. உள்ளே டப்பாவில் சீஸ் ஸ்கோன், பக்கத்தில் காசு போட ஒரு தகரக் குவளை. ஆள் இல்லை. ஒன்று ஒன்றரை பவுண்ட். அடிப்பக்கம் இன்னும் சூடு. மேலே சீஸ் கருகி மொறுமொறு என்று இருந்தது. பெரியவள் மூன்று தின்றாள். நான் திரும்பிப் போய் இன்னும் நாலு எடுத்து வந்தேன். அதே ஊர், அதே வேன் கொண்டுவந்த மாவு. ஆக, ஒன்றரைக்கு முடிகிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள், கணக்குப்பிள்ளை?

கணக்குப்பிள்ளை:
அந்த வீட்டுக்காரருக்குக் கடை வாடகை இல்லை, சம்பளம் கொடுக்க ஆள் இல்லை, உங்களுக்குக் கழிப்பறை திறந்துவிட வேண்டியதும் இல்லை. கணக்கு அங்கேதான் மாறுகிறது.

கிளாஸ்கோ ரேவதி:
கணக்கு கிடக்கட்டும். மணி என்ன என்று சொன்னீர்கள், மாறன்?

ஊர்சுற்றி மாறன்:
ஒன்பது.

சரி அக்கா, புரிகிறது. செப்டம்பரில் மறுபடியும் போகிறோம், இந்தத் தடவை ஆப்பிள்கிராஸ் பக்கம். ஸ்கோன் பதினோரு மணிக்குள். இரவுச் சாப்பாட்டுக்கு ஆறரைக்கு மேசை, இங்கிருந்து கிளம்பும் முன்பே போன் போட்டுச் சொல்லிவைக்கிறேன். ஆனால் சாண்ட்விச் காரில் இருக்கும். அதில் மாற்றமில்லை.