லீலாபாரி – வேலூர் விமானத் தூரம் 18,500 கி.மீ. என்கிறது, தவறு எங்கே?

சத்துவாச்சாரிக்காரன்:
வணக்கம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். அஸ்ஸாமின் வடக்கு லக்கீம்பூரிலிருந்து வயதான தம்பதி வருகிறார்கள். அவர்கள் ஊர் விமான நிலையம் லீலாபாரி. திங்கள் காலை எட்டு மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஞாயிறு கிளம்பினால் போதுமா என்று கேட்கிறார்கள். தூரம் கணக்கிடும் செயலியில் ஐ.எக்ஸ்.ஐ., வி.எல்.ஆர். என்று போட்டேன். 18,500 கி.மீ., 23 மணி நேரத்துக்கு மேல் என்று வருகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். பூமியைப் பாதி சுற்றியா வருவார்கள்?

காட்பாடி ரயிலடி:
செயலி பாதி சுற்றித்தான் காட்டுகிறது! வி.எல்.ஆர். என்பது வேலூர் கன்டோன்மென்ட் நிலையத்தின் ரயில்வே குறியீடு. விமானக் குறியீடுகளில் அந்த மூன்றெழுத்து தென் அமெரிக்காவில், சிலி நாட்டிலுள்ள வாயெனாருக்கு உரியது. ஐ.எக்ஸ்.ஐ. சரிதான். வேலூருக்குக் குறியீட்டை விட்டுவிட்டு, வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்தின் ஆயத்தொலைவைப் போடுங்கள்: வடக்கு 12.9, கிழக்கு 79.1.

சத்துவாச்சாரிக்காரன்:
நன்றி அண்ணா, ரயில் குறியீட்டைப் போட்டது என் புத்தி. இப்போது 2,240 கி.மீ., 3 மணி 18 நிமிடம். அப்படியானால் ஞாயிறு மதியம் ஏறினாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள், இல்லையா?

அகழிக்கரை:
அவசரப்படாதீர்கள் தம்பி. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்த கணக்கு அது. அந்த வழியில் பறக்க விமானம் வேண்டாமா? அப்துல்லாபுரத்தின் ஓடுபாதை குட்டை. 19 இருக்கை விமானத்தை மனத்தில் வைத்துத்தான் அங்கே வேலையே நடந்தது.

லீலாபாரியிலிருந்து கொல்கத்தா சுமார் 770 கி.மீ.; அங்கிருந்து சென்னை 1,385. கூட்டினால் 2,155. லீலாபாரி–சென்னை நேர்கோடும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, கொல்கத்தா சுற்றுவழியே இல்லை. நேரத்தைத் தின்பது தூரமல்ல, காத்திருப்பு. முதல் விமானம் விசிறி வைத்த ஏ.டி.ஆர். என்றால் மணிக்கு 500 கி.மீ.தான், அதற்கே இரண்டு மணி நேரம் வையுங்கள். கொல்கத்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு இரண்டரை மணி நேரம் சென்னைக்கு. அதற்கப்புறம் சாலையில் 140 கி.மீ.; ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டி வர மூன்று மணி நேரமாவது ஆகும். ஒரு விமானம் தாமதித்தால் அடுத்தது கையை விட்டுப் போய்விடும். சனிக்கிழமையே கிளம்பச் சொல்லுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலியும் கேட்டுவிடட்டும்.

காட்பாடி ரயிலடி:
விமானம் ஒத்துவராவிட்டால் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி போகும் விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கும். 2018இல் போகிபீல் பாலம் திறந்தபின் பிரம்மபுத்திராவைக் கடந்து திப்ருகர் போவது எளிது. படுத்துக்கொண்டே வரலாம், ஆனால் இரண்டு நாளைத் தாண்டும்.

சத்துவாச்சாரிக்காரன்:
பேசிவிட்டேன். சனிக்கிழமை விமானத்துக்கே டிக்கெட் எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி என்றதும்தான் உறைத்தது: அந்த அம்மாவால் மாடி ஏற முடியாதாம். கீழே சாமான் போட்டிருக்கும் அறையை இன்றைக்கே ஒழிக்கிறேன்.