அனப்டேனியம்: கிட்டாதியமா, கிட்டாப்பொன்னா?

வணக்கம்.

அனப்டேனியம் (unobtainium, கிடைக்கவே கிடைக்காத பொருள்) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'அரிதியம்' என்று நேற்று இங்கே வந்த பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. அரிதென்றால் தேடினால் கிடைக்கும். இது தலைகீழாக நின்றாலும் கிடைக்காதது. 'அருமண் தனிமங்கள்' (rare earth elements) என்று வேறு ஏற்கெனவே புழங்குகிறோம், குழப்பம்தான் மிஞ்சும்.

இந்தச் சொல் அவதார் படத்தில் (2009) பிறந்ததல்ல. எல்லா வேலைக்கும் பொருந்தும், என்ன, உலகத்தில்தான் இல்லை என்கிற பொருளுக்கு அமெரிக்க விமானப் பொறியாளர்கள் 1950களிலேயே கேலியாக வைத்த பெயர். அப்புறம் டைட்டானியத்தையும் இப்படி அழைத்தார்கள். எஸ்ஆர்-71 உளவு விமானத்துக்கான டைட்டானியத்தை, எந்த சோவியத் நாட்டுக்கு எதிராக அதைக் கட்டினார்களோ அங்கிருந்தே சுற்றிவளைத்து வாங்கினார்கள். (அதன் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கறுப்பாகக் கிடக்கிறது.) உற்பத்தி நின்றுபோன பழைய வண்டிகளின் உதிரிபாகத்துக்கும் இதே பெயர் உண்டு. சென்னைக்காரனாக நான் இதற்குத் தரும் விளக்கம்: பழைய வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலும் கிடைக்காதது.

ஆக, கிடைக்காது என்ற பொருளும் வேண்டும், தனிமத்தின் பெயர்போல நடிக்கும் குறும்பும் வேண்டும்.

'கிட்டாதியம்' சோடியம், கால்சியம் வரிசையில் உட்காரும் என்று நினைத்திருந்தேன். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "பெண்ணியம் மாதிரி ஏதாவது கொள்கையா?" என்றாள் மனைவி. சரிதானே? தமிழில் 'இயம்' என்றதும் மார்க்சியம், தலித்தியம்தான் நினைவுக்கு வருகின்றன. போதாததற்கு ஔவை "கிட்டாதாயின் வெட்டென மற" என்று சொல்லிவைத்திருக்கிறார். கிட்டாதியம் என்றால் ஏதோ துறவிகளின் கோட்பாடு போலாகிவிடும்.

அதனால் 'கிட்டாப்பொன்' என்கிறேன். பழைய தமிழில் பொன் என்பது உலோகத்துக்கே பொதுப்பெயர். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். ஐம்பொன் சிலை என்று இன்றும் சொல்கிறோம். எட்டாக்கனி, செல்லாக்காசு போல வல்லினம் மிகுந்து வருவதால் புதுச்சொல் என்ற உறுத்தலும் இல்லை.

அவதார் படத்தில் அனப்டேனியம் என்று பண்டோரா நிலவில் தோண்டுவது சாம்பல்நிறக் கல்தானே, பொன் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கிலோ 2 கோடி என்று விலை சொல்லும் அந்தத் துண்டு கல்லாகவே இருக்கட்டும். கதைப்படி அது அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவது), பெயரின் '-ium' வாலும் உலோக வால். எனக்கு அது போதும்.

பொன் என்றால் இன்று தங்கம் என்பதுதான் கொஞ்சம் வலுவான ஆட்சேபம். நகைக்கடைகள் நிறைந்த உஸ்மான் சாலையில் நின்று கிட்டாப்பொன் என்றால் நகை விலையைச் சொல்வதாகத்தான் நினைப்பார்கள். இன்றைய விலைக்கு அதுவும் தப்பில்லை! கேலிச்சொல்லுக்கு இந்த மயக்கம் லாபமே. கட்டுரையில் எழுதும்போது மட்டும் முதல் இடத்தில் 'கிட்டாப்பொன் என்னும் உலோகம்' என்று எழுதிவிடலாம்.

மாற்றுக் கருத்துகளைச் சொல்லுங்கள். கிட்டாதியத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டாம். போன மாதம் அதை இங்கே முன்மொழிந்தவன் நான்தான்.