மறு: நெர்ஃப், பஃப்: வலுக்குறைப்பா, மழுக்கலா?

அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டைச் செய்கிறவர்கள் புதுப்பிப்பில் ஓர் ஆயுதத்தையோ பாத்திரத்தையோ பலவீனமாக்குவதை ஆங்கிலத்தில் நெர்ஃப் என்றும், பலமாக்குவதை பஃப் என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், கடை வேலையில் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை. எனக்குப் பாலக்கோட்டில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை. ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போன்ற கைப்பேசித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்குப் புதுப்பிப்பு வந்த அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வைஃபைக்காக என் கடைப் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். அது இறங்கி முடிகிற வரைக்கும் அவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது: எந்தத் துப்பாக்கியைக் கெடுத்தார்கள், எதைப் பலமாக்கினார்கள், இனிமேல் எதை எடுத்து ஆடுவது. ஆகவே நாம் இங்கே தேடுகிற சொல் எனக்கு ஏட்டில் மட்டும் இருக்கிற சொல் இல்லை, தினமும் காதில் விழுகிற விஷயத்துக்கான பெயர். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> நெர்ஃப் = வலுக்குறைப்பு, பஃப் = வலுவூட்டல் என்று முடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

ஐயா, உங்கள் சொல்லில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ஆனால் 'குறைப்பு' என்ற பகுதி இந்த இடத்தில் குழப்பும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2020 டிசம்பரில் ஃப்ரீ ஃபயரில் குரோனோ என்ற பாத்திரம் வந்தது, கால்பந்து வீரர் ரொனால்டோவை வைத்து உருவாக்கியது. தன்னைச் சுற்றி ஒரு கேடயக் கூண்டை எழுப்பிக்கொள்வது அவனுடைய திறன். 600 அளவுக்கு அடி தாங்கும், உள்ளே நின்றபடியே வெளியில் இருப்பவனைச் சுடவும் முடியும். குரோனோ இல்லாமல் ஆட்டத்துக்குப் போகவே பையன்கள் யோசித்தார்கள். அப்புறம் வந்த புதுப்பிப்புகளில் விளையாட்டைச் செய்கிறவர்கள் என்ன செய்தார்கள்? ஒருமுறை கூண்டைப் போட்டால் மறுபடி போடக் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் கூட்டினார்கள். உள்ளிருந்து சுடுகிற வசதியையே எடுத்துவிட்டார்கள். இரண்டுமே நெர்ஃப்தான். முதலாவதை உங்கள் சொல்லால் எழுதிப் பாருங்கள்: 'குரோனோ, வலுக்குறைப்பு: காத்திருப்பு நேரம் கூட்டப்பட்டது.' தலைப்பில் குறைப்பு, விவரத்தில் கூட்டல். பத்தாம் வகுப்புப் பையன் இதை இரண்டு தரம் படிக்க வேண்டியிருக்கும். இரண்டாவதிலோ குறைக்கவோ கூட்டவோ எண்ணே கிடையாது.

எண்ணைக் குறைக்கிற இடத்திலும் அந்த எண் முழுக் கதையைச் சொல்வதில்லை. ஃப்ரீ ஃபயரில் ஆளுக்கு உயிர்ப் புள்ளி 200. கவசம் போடாத ஆள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குண்டுக்கு 50 புள்ளி போகிறது என்றால் நாலு குண்டில் விழுவான். அந்த 50-ஐ 49 ஆக்கினால், நாலு குண்டுக்கு 196தான் ஆகிறது, ஐந்தாவது குண்டும் வேண்டும். தாளில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறைந்திருக்கிறது, களத்திலோ ஒரு குண்டு முழுதாகக் கூடிவிட்டது. அந்த ஒரு குண்டு நேரத்தில் எதிராளி திரும்பிச் சுட்டுவிடுவான். நெர்ஃப் என்பது இந்த விளைவுக்குப் பெயர். எந்த எண்ணைத் தொட்டார்கள் என்பது, அது அடியோ, எட்டும் தூரமோ, சுடும்போது துப்பாக்கி குலுங்குவதோ, குண்டு மாற்றுகிற நேரமோ, அதற்கு அடுத்த விஷயம். ஆகவே சொல்லும் விளைவைச் சொல்ல வேண்டும்.

> நெர்ஃப் என்றே எழுதிவிடலாம். ஆடுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. வீடியோ போடுகிறவர்கள் சொல்கிறார்கள், சரி. என் கடைப் படிக்கட்டில் நான் கேட்டது வேறு. போன மாதம் என் அக்கா மகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, அந்த ஷாட்கன்னை மொக்கையாக்கிட்டானுங்க மாமா. நேத்து வரைக்கும் ரெண்டே அடி, இன்னைக்கு மூணு அடிச்சாலும் நிக்கிறான்." பக்கத்தில் இருந்தவன், "மொக்கை எல்லாம் இல்லடா, டம்மி ஆக்கிட்டானுங்க" என்றான். நெர்ஃப் என்று ஒருத்தன் வாயிலும் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்த 'மொக்கை' மேலேயே நினைவு. நாம் இப்போது மொக்கைப் படம், மொக்கை ஜோக் என்று சலிப்புக்குச் சொல்கிறோமே, அதற்கு முன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? பென்சில் மொக்கையாகிவிட்டது, பிளேடு மொக்கை, கத்தி மொக்கை. கூர் போனது என்பதுதான் பொருள். அந்தப் பையன் தெரிந்தோ தெரியாமலோ சரியான உவமையைப் பிடித்துவிட்டான். ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நெர்ஃப் என்பது 1969-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பஞ்சுப் பந்தின் பெயர். பின்னால் அதே பெயரில் பஞ்சுக் குண்டு போடுகிற பொம்மைத் துப்பாக்கிகள் வந்தன. வலிக்கிற ஆயுதத்தை வலிக்காத பஞ்சாக்கிவிட்டார்கள் என்று இணைய விளையாட்டுக்காரர்கள் ஆத்திரத்தில் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. அவர்களுக்குப் பஞ்சு, நமக்கு மழுங்கல்.

எங்கள் வீட்டில் கேழ்வரகு அறுப்புக்கு முன்னால் நடக்கிற ஒரு வேலை இருக்கிறது. அம்மா ஓட்டிலிருந்து கருக்கரிவாள்களை எடுத்து, கட்டைவிரலைக் குறுக்கே வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். "இது மழுங்கிப் போச்சு, இது தேவலை, இது ரெண்டையும் பட்டறையில குடு." பட்டறையில் அதைக் காய்ச்சித் தட்டி, அரத்தால் கருக்குப் பல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது பழைய அரிவாள்தான், பிடியில் அதே துணிச் சுற்று, ஆனால் கேழ்வரகுத் தாளில் வைத்து இழுத்தால் சத்தம் வேறு மாதிரி இருக்கும். புதுப்பிப்பில் துப்பாக்கிக்கு நடப்பதும் இதேதான். உருவம் மாறாது, பெயர் மாறாது, மேல் அலங்காரம் (ஸ்கின்) மாறாது, எடுத்து ஆடினால்தான் தெரியும்.

ஆகவே என் முன்மொழிவு: நெர்ஃப் = மழுக்கல், பஃப் = தீட்டல்.

வினையாகவும் வளைந்து கொடுக்கும்: மழுக்கினார்கள், மழுங்கிவிட்டது, தீட்டியிருக்கிறார்கள், தீட்டிய துப்பாக்கி. 'வலுக்குறைப்பு செய்யப்பட்டது' என்று மூன்று முழம் நீட்ட வேண்டாம். மழுக்கு என்பது செய்கிறவன் செயல், மழுங்கு என்பது தானாக நடப்பது, இந்த வேறுபாடும் இங்கே உதவுகிறது. ஒரு துப்பாக்கியைத் தொடாமலே மற்றதை எல்லாம் தீட்டிவிட்டால் அது மழுங்கிப்போகும், யாரும் மழுக்கவில்லை. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் இப்படி இரண்டு மூன்று நடக்கும், அதைச் சொல்ல ஆங்கிலத்தில் அவர்கள் சுற்றி வளைக்கிறார்கள்.

> துப்பாக்கிக்குக் கூர் ஏது? கத்திக்குப் பொருந்துகிற சொல்லைக் குண்டுக்கு வைப்பது பொருத்தமா?

நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் இந்தச் சொல் இரும்பை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது. புத்தி மழுங்கிவிட்டது என்கிறோம், பார்வை மழுங்கிவிட்டது என்கிறோம், அறிவைத் தீட்டு என்கிறோம். புத்திக்கு மட்டும் விளிம்பா இருக்கிறது? குரோனோவின் கேடயத்தை மழுக்கினார்கள் என்றால் எங்கள் ஊர்ப் பையனுக்கு விளக்கமே தேவைப்படாது.

இந்த இழையில் ஓசூர்ப் பக்கத்து அக்கா நெர்ஃபுக்கு 'மொண்ணை' சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அங்கே கன்னடம் பேசுகிறவர்கள் மழுங்கின கத்தியை மொண்டு என்கிறார்கள், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன, தளி, தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ஒரே ஒரு தயக்கம்: மொண்ணை, மொக்கை இரண்டுமே முழுக்க வீணானதைச் சொல்கின்றன. நெர்ஃப் பெரும்பாலும் சின்ன வேலை. 'சற்றே மழுக்கல்' என்று எழுதலாம், 'சற்றே மொண்ணை' நிற்கவில்லை. விக்சனரி என்ற இணைய அகரமுதலியில் பதிவு செய்யும்போது மொக்கையாக்கு, மொண்ணையாக்கு இரண்டையும் பேச்சு வழக்கு என்று கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பையன்கள் கண்டுபிடித்த சொல்லை நாம் விட்டுவிடக் கூடாது.

பழைய இலக்கணத்தில் போர் வகைகளுக்கு இருக்கிற புறத்திணைத் துறைப் பெயர்களிலிருந்து எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் அங்கே நிறுத்தியிருக்கிற நடுகற்களைப் பாருங்கள். இந்த மண் முழுக்க மாடு கவர்ந்து போனவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களின் கல்தான். அவற்றில் வருகிற வாசகம் 'தொறு மீட்டுப் பட்டான்' என்கிற மாதிரி இருக்கும். மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான், அவ்வளவுதான். மாடு மீட்கிற போருக்குக் கரந்தை என்று இருக்கிற இலக்கணப் பெயரை எழுதி வைக்கவில்லை, அன்றைக்கு ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத்தான் வெட்டி வைத்தார்கள். பழஞ்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பக் (bug) என்பதற்கு 'வழு' எவ்வளவு அழகாக மென்பொருளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது! ஆனால் பட்டறையிலும் அடுப்படியிலும் இன்றைக்கும் புழங்குகிற வினைச்சொல் கையில் இருக்கும்போது அதை எடுப்பதுதான் முறை. உலாவி (பிரவுசர்), சொருகி (பிளக்இன்), வருடி (ஸ்கேனர்) எல்லாம் அப்படித்தானே நின்றன.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. 'தீட்டு' என்று தனியாகப் பெயராக எழுதினால் வேறு பொருள் வந்து நிற்கும். அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் எத்தனை பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளும் நிறைய ஆடுகிறார்கள், ஒரு பெண் படித்துவிட்டுச் சங்கடப்படுகிற மாதிரி நாம் எதையும் எழுதக் கூடாது. ஆகவே பெயர் வடிவம் எங்கும் தீட்டல் மட்டுமே, அல்லது கூர்தீட்டல் என்று முழுதாக. திரையில் இடம் பத்தாத இடத்தில் 'கூர்+' 'கூர்−' என்று குறியோடு போடலாம் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து வேண்டும், குறிப்பாக அக்காக்கள், தங்கைகள் சொல்ல வேண்டும்.

ஃப்ரீ ஃபயருக்குச் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வருகிறது. அடுத்தது வந்ததும் அதன் ஆயுத மாற்றப் பகுதியை மட்டும் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, மழுக்கல், தீட்டல் என்று இரண்டு தலைப்புப் போட்டு, கடைக் கண்ணாடியில் ஒட்டப் போகிறேன். பக்கத்திலேயே வலுக்குறைப்பு, வலுவூட்டல் என்று இன்னொரு பக்கமும் ஒட்டுகிறேன் ஐயா, உங்கள் சொல்லுக்கும் அதே இடம். பையன்கள் எந்தச் சொல்லைப் பேச்சில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வாரம் கேட்டுவிட்டு இந்த இழையிலேயே எழுதுகிறேன்.

அதற்குள் இன்னொன்றுக்கும் வழி சொல்லுங்கள். சில நேரம் ஒரே துப்பாக்கிக்கு அடியைக் கூட்டி, எட்டும் தூரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இது மழுக்கலும் இல்லை, தீட்டலும் இல்லை. சமன்செய்தல் என்றால் எல்லா ஆயுதத்துக்கும் பொதுவான வேலையாகிவிடுகிறது. பட்டறையில் கேட்டேன், பிடியை மாற்றி, வளைவையும் கொஞ்சம் திருத்திக் கொடுப்பதற்கு அவர்களிடம் தனிப் பெயர் இல்லை, "மாத்திக் கட்டுறது" என்றார்கள். 'மாற்றிக்கட்டல்' நிற்குமா?

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து