புதுப்பிப்பு: மாமா கடை டேலி கணக்கு கிடைத்துவிட்டது

கரண்ட் போய் வந்தபின் மாமாவின் ஹார்டுவேர் கடை கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை, டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் போட்ட மூன்று வருடக் கணக்கும் அதில்தான் என்று போன வாரம் எழுதியிருந்தேன். போனது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மட்டும்தான். மூடியைத் திறந்ததுமே கருகிய வாசனை.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டும் முன்பே ஹார்டு டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாக என் லேப்டாப்பில் போட்டேன். டேலியின் டேட்டா ஃபோல்டருக்குள், கம்பெனி பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு ஒரு ஃபோல்டர் இருக்கும். கணக்கு முழுக்க அதற்குள்தான். இரண்டு இடத்தில் காப்பி எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. போன வாரப் பதிவுக்கு, டிஸ்கை ஃபார்மட் பண்ணி எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னவர்களே, தயவுசெய்து யாருக்கும் அதை முதல் யோசனையாகச் சொல்லாதீர்கள்.

கம்ப்யூட்டர் ஓடாத அந்த இரண்டு நாளும் அத்தை கார்பன் வைத்த பில் புக்கில் எழுதினார். ஒவ்வொரு பில்லிலும் நேரத்தையும் குறித்திருந்தார்; பிறகு டேலியில் வரிசையாக ஏற்ற அதுதான் உதவியது.

இப்போது யுபிஎஸ் வாங்கியாச்சு. இரவு கடை மூடும்போது பென் டிரைவில் பேக்கப். நேற்று அதை என் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து பார்த்தேன். கடைசி பில் வரை இருந்தது. “சரிப்பா, இனிமே தூங்கலாம்” என்றார் மாமா.