மொட்டை மாடியில் டெக்: தேக்கா, டபிள்யூபிசியா, கல்லா?

மாடிவீட்டுக்காரி:

வணக்கம். சென்னை பாலவாக்கத்தில் எங்கள் வீடு. கடற்கரைக்கு நடந்தே ஏழெட்டு நிமிடத்தில் போய்விடலாம். மேலே ஒரே ஒரு அறை, அதற்கு வெளியே 20க்கு 12 அடி திறந்த மொட்டை மாடி. 1998-ல் கட்டியது. சுர்க்கி (செங்கல், சுண்ணாம்புக் கலவை) போட்டு, மேலே தட்டோடு பதித்திருக்கிறார்கள். தட்டோடு அங்கங்கே விரிசல் விட்டிருக்கிறது. ஆனாலும் இதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

அப்பாவுக்கு 78 வயது. சாயங்காலம் கடல்காற்று எழும்பியதும் மாடிக்கு வந்துவிடுவார். வெறுங்கால்தான். செருப்புப் போடச் சொன்னால் "மாடியிலயுமா செருப்பு?" என்பார். போன ஐப்பசி மழையில் பாசி வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பெரிதாக அடி இல்லை. அதற்கப்புறம்தான் தரைக்கு மேல் மரப்பலகைத் தளம் (டெக்) மாதிரி ஏதாவது போடலாம் என்ற யோசனை வந்தது.

மூன்று பேரை வரவழைத்துக் கேட்டேன். ஒருவர் டபிள்யூபிசி (மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போடுங்கள், ஆயுசுக்கும் ஒன்றும் ஆகாது என்றார். இன்னொருவர் தேக்கு தவிர எதுவும் நிற்காது என்றார். மூன்றாமவர் கிரானைட் பதித்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றார். ஒவ்வொருவரும் மற்ற இருவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இங்கே இரும்பு நிற்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். வாசல் கேட்டின் அடிப்பக்கம் நாலே வருடத்தில் அப்பளமாக உதிர்ந்தது. ஏசி ஸ்டாண்டை இரண்டு முறை மாற்றியாயிற்று. போட்டுப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கால்சுட்டவன்:

டபிள்யூபிசி போட்டு மூன்று வருடம் ஆகிறது, வேளச்சேரியில். முதலில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. பாத்ரூம் கதவுக்கும் கிச்சன் அலமாரிக்கும் போடும் வெள்ளைப் பலகை ஒன்று. அதில் பெரும்பாலும் பிவிசி நுரைதான். டெக்குக்கு வருவது வேறு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து இழுத்த பலகை. கடையில் கேட்டால் இரண்டுமே டபிள்யூபிசிதான் என்பார்கள்.

என் பலகை இதுவரை உளுத்துப்போகவில்லை, கரையான் தொடவில்லை. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சூடு! கத்திரி வெயிலில் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை வெறுங்காலை வைக்க முடியாது. நான் காபி நிறம் எடுத்தேன், முட்டாள்தனம். வெளிர் நிறம் கொஞ்சம் தேவலை. உங்கள் அப்பா சாயங்காலம்தான் வருவார் என்றாலும், மே மாதத்து நாலரை மணியைக் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, வந்து போட்டவர்கள் பலகையின் நுனியோடு நுனியை முட்டவைத்துப் போட்டுவிட்டார்கள். பிளாஸ்டிக் வெயிலில் நீளும் இல்லையா? முதல் கோடையிலேயே நடுவில் இரண்டு பலகை பாம்பு படம் எடுத்த மாதிரி தூக்கிக்கொண்டது. கழற்றி, நுனியில் இடைவெளி விட்டு மறுபடி போட்டேன். உள்ளே துளையுள்ள பலகை என்றால் நுனியில் மூடி போடச் சொல்லுங்கள். என் வீட்டில் கரப்பான் குடும்பம் நடத்தியது.

சைட்டில்வளர்ந்தவன்:

நான் சிவில் இன்ஜினியர். பலகையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் தளத்தைப் பாருங்கள்.

கிரானைட்டை மறந்துவிடுங்கள். 20 மி.மீ. கல் சதுர மீட்டருக்கு சுமார் 54 கிலோ. அடியில் ஒன்றரை அங்குலக் கலவை சேர்ந்தால் 130 கிலோவைத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி) வைத்திருக்கும் சுமையே சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. அது மனிதர்களுக்கும் நாற்காலிக்கும் தண்ணீருக்கும். கல்லே அதை ஏறக்குறைய முழுதாகச் சாப்பிட்டுவிடும். கட்டும்போது இதற்கென்று தனியாகக் கணக்கு வைத்திருந்தால் சரி. 1998-ல் யார் வைத்தார்கள்? ஒரு அங்குலத் தேக்குப் பலகை சதுர மீட்டருக்கு 16, 17 கிலோதான்.

அடுத்து, ஒழுகாத தளத்தில் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள். "ஒரே ஒரு ராவல் பிளக் மேடம்" என்று டிரில்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பலகையை அடியில் தாங்கும் சட்டங்களை ரப்பர் துண்டின் மேல் உட்காரவைத்தால் போதும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ சட்டமும் அந்தப் பக்கமே ஓட வேண்டும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு சட்டமும் ஒரு குட்டி அணை. கார்த்திகையில் அடியில் தண்ணீர் தேங்கும், டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

துளை இல்லையென்றால் காற்றுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2016 டிசம்பர் 12 ஞாபகம் இருக்கிறதா? வர்தா புயலில் தகரக் கூரையே பறந்தது. பலகையும் சட்டமும் ஒன்றோடொன்று பிணைந்து முழுக் கட்டில் மாதிரி இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தில் நாலைந்து இடத்தில் பிடிமானம் கொடுக்கலாம்.

எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. டெக் வந்தால் தரை நாலைந்து அங்குலம் உயரும். சுவர் அதே இடத்தில் இருக்கும். மூன்றடிச் சுவர் இரண்டரை அடிச் சொச்சமாகிவிடும். அப்பா சாய்ந்து நின்று கடல் பார்ப்பவராக இருந்தால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். அறை வாசற்படியின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

சும்மா ஒரு செய்தி: வெளிநாட்டு வீடியோக்களில், உளுக்காமல் இருக்க மருந்து ஏற்றியதால் பச்சை படிந்த பைன் பலகையில் டெக் போடுவார்கள். அந்த வகை மருந்துகளுக்கு முன்னோடியான தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலவையை 1933-ல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொண்டி காமேசன். ஆர்சனிக் பயத்தால் அமெரிக்காவில் 2003-ஓடு வீட்டு வேலைகளுக்கு அதை நிறுத்திக்கொண்டார்கள்.

உளிச்சத்தம்:

வணக்கம்மா. காரைக்குடிப் பக்கம் தச்சு வேலை, நாற்பது வருடம் ஆகிறது. என் பையன் தட்டித் தருகிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

"தேக்கு தவிர எதுவும் நிற்காது" என்றாரே, அவரிடம் எந்தத் தேக்கு என்று கேட்டீர்களா? தேக்கு நிற்பது அதன் வைரத்தால், அதாவது நடுமரத்தால். உள்ளே எண்ணெய் இருக்கிறது, கரையான் அண்டாது. ஓரத்து வெள்ளைக்கு அந்தச் சக்தி கிடையாது. இளசாக வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளைதான் அதிகம். கப்பலில் வரும் வெளிநாட்டுச் சரக்கிலும் அப்படித்தான் நிறையப் பார்க்கிறேன். அதைச் சாயம் பூசிக் காட்டினால் உங்களுக்குத் தெரியாது. பூசாத பலகையை, இழைத்த கையோடு பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கன அடி மரத்தில் ஒரு அங்குலப் பலகை 12 சதுர அடி வரும். உங்கள் மாடி 240 சதுர அடி. கழிவு சேர்க்காமலே 20 கன அடி, சட்டத்துக்குத் தனி. நல்ல தேக்கு விற்கும் விலையில் அது ஒரு கல்யாணச் செலவு. அந்த 240-ம் எதற்கம்மா? அப்பா உட்காரும் இடம் எது, நடக்கும் வழி எது என்று பாருங்கள். நிழல் விழும் பக்கமாக 10க்கு 8 போட்டால் 80 சதுர அடி. ஏழு கன அடியில் பலகை முடிந்துவிடும், கழிவுக்கு ஒன்று கூட வைத்துக்கொள்ளுங்கள்.

புது மரமும் வேண்டாம். இடித்த வீட்டுப் பழைய தேக்கு வாங்குங்கள். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் இறங்கியதெல்லாம் பர்மா மரம். எத்தனையோ வருடம் காய்ந்தது, இனி முறுக்காது. உத்திரத்தையோ நிலையையோ வாங்கி மில்லில் பலகையாக அறுத்துக்கொள்ளலாம்.

போடும்போது இரண்டரைக்கு நாலடியாக எட்டுத் தட்டி செய்யச் சொல்லுங்கள், ஒன்றோடு ஒன்று கொக்கி மாட்டுகிற மாதிரி. வேண்டும்போது தூக்கி அடியில் பெருக்கலாம். இன்ஜினியர் தம்பி சொன்ன தண்ணீர் விஷயமும் சரியாகிவிடும். பலகைக்குப் பலகை தச்சுப் பென்சில் தடிமன் இடைவெளி போதும். வரி போட்ட பலகை வேண்டாம். வரிக்குள் அழுக்கு தங்கும், பாசி அங்கேதான் பிடிக்கும். மரத்திலும் பாசி பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன், மழை நாளில் வாரம் ஒரு முறை நார் பிரஷ் போட வேண்டும்.

ஸ்க்ரூ எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 316 ரகம் கேளுங்கள். 304-ஐக் கொடுத்து "ரெண்டும் எஸ்எஸ்தான்" என்பார்கள். கடல்காற்றில் 304 டீக்கறை மாதிரிப் பழுப்படிக்கும். வார்னிஷ், பியூ (பாலியூரித்தேன்) பூச்சு எதுவும் வேண்டாம், வெயிலில் தோல் உரியும். மாட்டுவதற்கு முன்பே ஆளி எண்ணெயை நாலு பக்கமும் அறுத்த தலைப்பக்கமும் ஊட்டுங்கள், அப்புறம் வருடம் ஒரு தடவை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். மரம் சாம்பல் நிறமானால் பயப்பட வேண்டாம், அது மேலோடுதான்.

மாடிவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு வேலை செய்தேன். டபிள்யூபிசி மாதிரித் துண்டு இரண்டு நிறம், ஒரு தேக்குத் துண்டு, ஒரு கிரானைட் துண்டு, நாலையும் காலையிலேயே மாடியில் வைத்துவிட்டேன். நாலரை மணிக்கு அப்பாவை ஒவ்வொன்றாக மிதிக்கச் சொன்னேன். காபி நிறத்தில் கால் வைத்த உடனே எடுத்துவிட்டார். வெளிர் நிறம் "பரவாயில்ல". கிரானைட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்தது. தேக்கில் மட்டும் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரரோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

சுவரை அளந்தேன், இரண்டே முக்கால் அடிதான் இருக்கிறது. அதனால் முதலில் சுவருக்கு மேல் ஒரு 316 பைப், அறை வாசலிலிருந்து நாற்காலி வரை பிடித்துக்கொள்ள இன்னொரு பைப். தட்டோட்டு விரிசலையும் அடைத்துவிடுகிறேன். டெக் 10க்கு 8 தான்.

ஞாயிற்றுக்கிழமை பழைய மரக்கடைக்குப் போகிறேன் ஐயா. உள்ளே ஆணி இருந்தால் மில்லில் பிளேடு போய்விடும் என்கிறார்களே, ஒரு காந்தம் எடுத்துப் போகட்டுமா?

உளிச்சத்தம்:

எடுத்துப் போங்கம்மா. ஆனால் பழைய மரத்தில் பித்தளை ஆணியும் இருக்கும், அது காந்தத்துக்கு அகப்படாது. பச்சையாகக் கறை தெரிகிற இடத்தில் உளியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் சுரண்ட விடவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.