‘இது நம்ம ஆளு’ யார் படம்?

இரும்புக்குதிரை:
"பாக்யராஜ் இயக்கியதில் தலைசிறந்த பத்து" என்று நேற்று ஒருவர் பட்டியல் போட்டு, முதலிடத்தில் ‘இது நம்ம ஆளு’வை வைத்திருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1988இல் வந்த அந்தப் படத்தின் டைட்டிலில் இயக்குநர் என்று வருவது எழுத்தாளர் பாலகுமாரன் பெயர். பாக்யராஜுக்கு மேற்பார்வை மட்டும்தான். பட்டியல் போடுவதற்கு முன் டைட்டிலையாவது பார்க்கக் கூடாதா?

கோபிக்காரன்:
அந்த "ஒருவர்" நான்தானுங்க. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்தப் படத்தில் கதை யாருடையது? பாக்யராஜ். கதாநாயகன்? பாக்யராஜ். இசை? அதுவும் பாக்யராஜ். ‘நான் ஆளான தாமரை’ மெட்டுப் போட்டவரே அவர்தான். நாவிதர் வீட்டுப் பையன் பிராமணன் என்று பொய் சொல்லி சாஸ்திரிகள் மகளைக் கட்டிக்கொள்ளும் கதை. சாதியைத் தொட்ட படத்துக்குக் குடும்பத்தோடு வந்து சிரித்துவிட்டுப் போனார்களே, அந்த வித்தை எங்கள் வெள்ளாங்கோவில்காரர் பாக்யராஜுக்குத்தான் வரும்.

இரும்புக்குதிரை:
எல்லாம் சரி. டைட்டிலில் யார் பெயர்?

கோபிக்காரன்:
பாலகுமாரன் அதற்கு முன்னும் பின்னும் எத்தனை படம் இயக்கினார்? அந்த ஒன்றுதான். ‘நாயகன்’, ‘பாட்ஷா’ வசனத்துக்கு அவரை எவ்வளவு வேண்டுமானாலும் கும்பிடுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் அந்தப் படத்தை டைட்டில் இல்லாமல் ஒருவருக்குப் போட்டுக் காட்டினால், பத்தாவது நிமிடம் "இது பாக்யராஜ் படமாச்சே" என்று சொல்லிவிடுவார்.

இரும்புக்குதிரை:
பாலகுமாரன் கே.பாலசந்தரிடம் தொழில் பார்த்தவர், வழிப்போக்கர் இல்லை. போட்டுக் காட்டுங்கள், ஆனால் டைட்டிலோடு போட்டுக் காட்டுங்கள்.

மாயவரம் மைனர்:
டைட்டில்தான் வேதம் என்றால் ‘ஒருதலை ராகம்’ யார் படம்? 1980இல் எங்கள் ஊர் ஏ.வி.சி. கல்லூரியில் எடுத்தது. இயக்கம் என்று வருவது தயாரிப்பாளர் இப்ராஹிம் பெயர். ஊரே டி.ராஜேந்தர் படம் என்றுதானே சொல்கிறது?

கோபிக்காரன்:
கேட்டீர்களா! மைனர் நம் பக்கம்.

மாயவரம் மைனர்:
நான் யார் பக்கமும் இல்லை. எழுதி, மெட்டமைத்து, நடிப்பதெல்லாம் எங்கள் ஆள் முன்னாலேயே செய்துவிட்டார் என்றுதான் சொல்ல வந்தேன். உங்கள் ஆள் 1988இல்தான் ஹார்மோனியத்தைத் தொட்டார்.

கோபிக்காரன்:
ஹார்மோனியத்தை 1981லேயே ‘அந்த 7 நாட்கள்’ பாலக்காட்டு மாதவனாகத் தொட்டுவிட்டார். அந்தப் படம் இந்திக்குப் போய் அனில் கபூரை நாயகனாக்கியது. ‘எங்க சின்ன ராசா’ போய் ‘பேட்டா’ ஆனது. அமிதாபை வைத்து ‘ஆக்ரி ராஸ்தா’ இயக்கியதும் இவரே. உங்கள் ராஜேந்தர் மாதிரி அடுக்குமொழியில் வசனம் பேசினால் வடக்கே யாருக்குப் புரியும்?

மாயவரம் மைனர்:
முருங்கைக்காய் மட்டும் புரியுமோ?

டெண்ட் கொட்டகை:
இதில் முருங்கைக்காய் எதற்கு? ‘முந்தானை முடிச்சு’ வந்து நாற்பது வருடம் தாண்டியும் அந்த ஒரு காயைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். ‘சுவரில்லாத சித்திரங்கள்’ என்று ஒன்று எடுத்தாரே, 1979இல், முதல் படம். அதைப் பற்றி யாராவது ஒரு வரி பேசினீர்களா?

கோபிக்காரன்:
அது என் பட்டியலில் நான்காவது. யாரும் நான்கு வரை படிக்கவில்லை. முதல் வரியிலேயே சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

இரும்புக்குதிரை:
முதல் வரியே தப்பென்றால் நான்காவது வரிக்கு ஏன் போக வேண்டும்? மற்றவர் உழைப்பை உங்கள் ஆள் கணக்கில் எழுதுவது ஒன்றும் புதிதில்லை. ‘புதிய வார்ப்புகள்’ படத்தில் அவர் நடித்த வாத்தியாரைப் புகழ்கிறீர்களே, அதில் அவருக்குக் கேட்கும் குரல் கங்கை அமரனுடையது.

கோபிக்காரன்:
வந்தீர்களா வழிக்கு! போன வருடம் பாலகுமாரன் எழுதிய ‘குணா’ வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அந்தக் கணக்கை இன்னும் தீர்க்கிறீர்கள். குரல் கொடுக்கச் சொன்னது இயக்குநர் பாரதிராஜா. அந்தப் படத்துக்கு வசனம் எழுதியது யார் தெரியுமா? பாக்யராஜ். கங்கை அமரன் பேசியதே இவர் எழுதியதைத்தான். ‘16 வயதினிலே’யில் உதவியாளராக நின்ற பையன் இரண்டே வருடத்தில் குருவின் படத்துக்கே நாயகன் ஆனான். அந்த மூக்குக் கண்ணாடியோடு, அந்த உடம்போடு! அழகன் என்று சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

இரும்புக்குதிரை:
இவ்வளவு நீளமாக எழுதியும் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. டைட்டிலில் யார் பெயர்?

மாயவரம் மைனர்:
என் கேள்விக்கும்தான் வரவில்லை. ‘ஒருதலை ராகம்’ யார் படம்?

டெண்ட் கொட்டகை:
நான் தூங்கப் போகிறேன்.

கோபிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை இருபது படப் பட்டியல் போடுகிறேன். முதலிடம் எதற்கென்று சொல்லவே வேண்டாம்.

இரும்புக்குதிரை:
போடுங்கள். டைட்டிலைப் படமெடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.